ஒன்பது மார்க் வாங்கிய பதில்

தீர்த்தகிரி வீட்டு பீரோவில் துணிக்குக் கீழே பதினேழு நோட்டுகள் இருக்கின்றன. பதினேழும் ரேடியோவுக்கு. எந்த நாட்டு ரேடியோ, எந்தத் தேதியில், என்ன கேள்வி கேட்டது, என்ன பதில் சொன்னது என்று முப்பது வருஷமாக எழுதி வைத்திருக்கிறான். சினிமாப் பாட்டு கேட்கிற ஆள் இல்லை. வினாடி வினா, அறிவியல் பேச்சு, இந்த இரண்டுதான் அவனுக்கு.

எங்கள் ஊர் இண்டூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. அவன் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு ஆப்பரேட்டர். நான் பக்கத்து வீடு, பெயர் சென்னப்பன், குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுகிறேன். காலையில் அவன் மோட்டாரைப் போட்டால் தொட்டி நிறைய ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வேறு எவனாக இருந்தாலும் பீடி பிடிப்பான், படுத்துத் தூங்குவான். இவன் தொட்டித் தூணிலிருந்து வேப்பமரத்துக்குச் ஏரியலாகச் செம்புக் கம்பி இழுத்துக் கட்டி சிற்றலை ரேடியோ கேட்டான். அப்புறம் அந்த ஒலிபரப்புகள் பலதும் நின்றுபோயின. கம்பியைக் கழற்றிவிட்டு செல்லில் கேட்க ஆரம்பித்தான். கடிதம் எழுதுவதை மட்டும் விடவில்லை. முன்பு தபாலில் போட்டதை இப்போது வாட்ஸப்பில் போடுகிறான்.

கேட்பதோடு நின்றால் பரவாயில்லை. எல்லா நாட்டுக்காரனையும் ஒருத்தனோடு ஒருத்தன் வைத்துப் பார்ப்பான். இலங்கைக்காரர் கேள்வி கேட்கும்போதே குரலில் பதில் தெரிந்துவிடும், அவ்வளவு பாசம் என்பான். சீனாக்காரர் கேட்கிற கேள்விக்குப் பதில் அவர் முன்னால் வாசித்ததிலேயே இருக்கும், தூங்காமல் கேட்டாயா என்று பார்ப்பதற்கான கேள்வி அது என்பான். சிங்கப்பூரில் யோசிக்க விடமாட்டார்கள், மணி அடித்துவிடுவார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து தமிழில் ஒரு நிகழ்ச்சி கேட்பான், அதில் ஒரு கேள்வி கேட்டால் கால் மணி நேரம் காரணம் சொல்வார்கள். நம்ம ஊர் ரேடியோவில் காரணமே வராது. "செய்யவும், செய்யாதீர்" அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் பத்துக்கு மார்க் போடுவான். குரல் தெளிவாக இருந்தால் இரண்டு. நேரத்துக்கு ஆரம்பித்தால் இரண்டு. காரணம் சொன்னால் நாலு. நேயர் கடிதத்தை வாசித்தால் இரண்டு. வாரக் கடைசியில் எவனுக்கு எத்தனை என்று கூட்டிப் பார்த்து என்னிடம் வந்து சொல்வான். நான் கேட்டேனா என்ன?

"ஏன் மாப்ள, இவ்ளோ மார்க் போடுறியே, சீனாக்காரன் உனக்கு என்னா குடுத்தான்?"

"கேலண்டர் அனுப்புனாங்க மச்சான். தாள் எப்படி வழுவழுன்னு இருக்குது தெரியுமா?"

"அதுல அமாவாசை போட்டிருக்குதா?"

"அது எப்படிப் போடுவாங்க?"

"அப்ப அது என்னாத்துக்கு? அடுப்புல வை."

கோபிக்க மாட்டான். "மச்சான், நாடு வேற வேறயா இருக்கலாம். அறிவியல் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். தண்ணி இங்கயும் நூறு டிகிரியிலதான் கொதிக்கும், சீனாவுலயும் அப்படித்தான்" என்பான். அவன் பெண்டாட்டி ராஜாமணி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். "இங்க அடுப்புல வெறகே இல்ல. எத்தன டிகிரியில கொதிக்கும்னு உங்க சிங்கப்பூருகாரரக் கேட்டுச் சொல்லுங்க."

போன ஐப்பசியில் பாம்பு பற்றி இரண்டு நிகழ்ச்சிகள் வந்தன. பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஒரே கேள்விதான். ஆஸ்திரேலியாவில் ஒரு அம்மா அழகாகச் சொன்னாராம். சுளுக்குக்குக் கட்டுகிற எலாஸ்டிக் துணியை எடுத்து, கால் விரலிலிருந்து தொடை வரை அழுத்தமாகச் சுற்று, ஆளை அசைக்காதே, விஷம் மேலே ஏறாது என்று. ஏன் ஏறாது என்பதற்கும் காரணம் சொன்னார். இவன் எழுதிய பதிலையும் பெயர் சொல்லி வாசித்தார். "தர்மபுரி மாவட்டத்திலிருந்து தீர்த்தகிரி" என்று வந்ததைப் பதிவு செய்து ஊரெல்லாம் போட்டுக் காட்டினான். கொஞ்சம் தாமதமாக ஆரம்பித்ததற்கு ஒன்று போக, அந்த நிகழ்ச்சிக்கு ஒன்பது மார்க்.

அதே மாதம் நம்ம ஊர் ரேடியோவில் ஒரு டாக்டர் பேசினார். நடுவில் இருமினார். தாளைப் பார்த்து ஒரே மூச்சில் வாசித்தார். "கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், அசையாமல் வைத்து உடனே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்." அரை நிமிஷம். அடுத்தது ஆட்டுக்கு வருகிற நோய். காரணம் சொல்லவில்லை, கடிதம் வாசிக்கவில்லை. இருமலுக்கும் ஒன்று போக, மூன்று மார்க்.

இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று எதிர். அவன் கூட்டிக் கழித்துப் பார்த்து, ஒன்பது வாங்கியதே சரி என்று முடிவு செய்தான். தர்மபுரிக்குப் போய் மூன்று எலாஸ்டிக் துணி வாங்கி வந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் குற்றம் அதுதான். வேறு எந்தக் குற்றமும் நான் அவனிடம் பார்த்ததில்லை.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. நான் தக்காளி ஏற்றப் போக வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ராஜாமணி மாட்டுக்குக் கடலைக்கொடி பிடுங்க, வீட்டோரம் குவித்திருந்த கொடிப்போருக்குப் போனாள். ஒரு சத்தம் கேட்டது. அலறல்கூட இல்லை, மூச்சை இழுத்துக்கொண்டு நிறுத்தினதுபோல. ஓடிப் பார்த்தால் உட்கார்ந்திருக்கிறாள். இடது கணுக்காலுக்குக் கீழே இரண்டு பொட்டு ரத்தம். போரடியில் சுருண்டு, உடம்பை உடம்போடு உரசி, வாணலியில் மணல் வறுக்கிற மாதிரி சரசரவென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சுருட்டை விரியன். ஒரு முழம்கூட இருக்காது.

தீர்த்தகிரி தொட்டியடியிலிருந்து ஓடி வந்தான். கத்தவில்லை, அழவில்லை. முதலில் செல்லில் மணி பார்த்தான். "எட்டு பன்னெண்டு" என்றான். வீட்டுக்குள் போய்த் துணியை எடுத்து வந்தான். விரலிலிருந்து ஆரம்பித்து ஒரு சுற்றின்மேல் பாதி அடுத்த சுற்று வருகிற மாதிரி, தொடை வரை மூன்று துணியும் தீரச் சுற்றினான். கை நடுங்காமல் சுற்றினான். கூடி நின்ற சனம் வாயைப் பிளந்து பார்த்தது. எனக்கும் தைரியம் வந்தது. இவ்வளவு தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கும்போது என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க மனசு வரவில்லை. வண்டி வாசலில் நிற்கிறது. பின்னால் மெத்தையைப் போட்டு அவளைப் படுக்க வைத்தோம். அவன் கூட உட்கார்ந்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்து ஆறு மாதமாக அட்டை வைத்து அடைத்திருந்தேன். அந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கிளம்பினேன். பின்னால் பேசுவது எனக்குக் கேட்க வேண்டும்.

இண்டூர் வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இண்டூர் தாண்டியதும் ஆரம்பித்தது.

"ஏங்க, கொஞ்சம் அவுத்து வுடுங்க. கால் வெடிக்குதுங்க."

"அசையாத. அசையாம இருந்தா ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதுன்னா நீ கட்டிக்கிட்டுப் படுய்யா! உள்ள எரியுது, யாரோ கத்திய வெச்சு வழிக்கிற மாதிரி இருக்குது!"

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். துணிக்கு வெளியே தெரிந்த விரல் நுனி நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது. துணியை அவன் சுற்றும்போது அளவாகத்தான் சுற்றினான். உள்ளே கால் வீங்குகிறது, துணி அப்படியே இருக்கிறது. வீங்க வீங்க இறுகுகிறது.

"மாப்ள, வெரலப் பாரு. கொஞ்சம் தளத்தி வுடேன்."

"கூடாது மச்சான். ஆஸ்பத்திரியிலதான் அவுக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னாங்க?"

ராஜாமணி வலியில் முனகினாள். எதிரே செம்மறி ஆட்டுக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. ஹாரனை அமுக்கிப் பிடித்தேன். ஆடுகளா கேட்கும்? அந்த இரண்டு நிமிஷம் வண்டி நின்றபோதுதான் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. அது அவன் குரலாகவே இல்லை.

"மச்சான். ஆஸ்திரேலியாவுல விரியன் இல்ல."

"என்னாது?"

"சிங்கப்பூர்ல போன வருசம் ஒரு கேள்வி. மனுசன் குடியிருக்கிற கண்டத்துல எங்க விரியன் பாம்பே கெடையாது? ஆஸ்திரேலியான்னு நான்தான் பதில் போட்டன். சரின்னு சொன்னாங்க."

"டேய், பொண்டாட்டி சாவக் கெடக்கறா, கேள்வி பதில் சொல்றியா நீ?"

"புரியலியா மச்சான்? அவங்களுக்கு அவங்க ஊருப் பாம்பு. அந்த வெசம் நரம்புக்குப் போறது, அத கட்டி நிறுத்தலாம். அந்தம்மா அதத்தான் சொன்னாங்க. இது விரியன். சதையத் திங்கிறது. நான் அத ஒரே எடத்துல நிறுத்தி வெச்சிட்டன். தின்னுன்னு கட்டி வெச்சிட்டன்."

"அப்ப அவுத்து வுடுடா!" என்று கத்தினேன்.

"அவுத்தா மொத்தமும் ஒரே நேரத்துல மேல ஏறிட்டா? இதய… இதயத்துக்குப் போயிட்டா? எனக்குத் தெரியல மச்சான். எந்த நோட்டுலயும் இல்ல."

அவன் கை கட்டின் முடிச்சின்மேல் இருந்தது. அவிழ்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ராஜாமணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் கத்தினவள் இப்போது கத்தவில்லை. அவன் பயந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டுக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பாவம், அவன் என்ன செய்வான். ஓரமாக ஒரு சந்து கிடைத்ததும் வண்டியைச் செருகினேன். அதற்கப்புறம் தர்மபுரி வரை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்பரசி என்று ஒரு டாக்டரம்மா இருந்தார். முப்பது வயசு இருக்கும். கட்டைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது.

"யாரு கட்டுனது?"

"நாந்தாங்க" என்றான். கோர்ட்டில் நிற்கிறவன் மாதிரி நின்றான்.

"எத்தனை மணிக்குக் கடிச்சுது?"

"எட்டு பன்னெண்டுங்க. எட்டு பதினெட்டுக்குக் கட்டி முடிச்சன். சுருட்டைங்க. இடது கணுக்கால்."

அவர் ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. துணிக்கு நடுவில் விரலை விட்டுப் பாதத்தில் நாடி பார்த்தார். "லேசா ஓடுது. யாரும் இத இப்ப அவுக்காதீங்க. விஷமுறிவு ஊசி ஏற ஆரம்பிச்ச பிறகு நான் அவுக்கறேன்" என்றார். கையில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடி ட்யூபில் ஊற்றி மேசைமேல் நிறுத்தி வைத்தார்கள்.

"இருபது நிமிஷம் இத யாரும் தொடக்கூடாது. ஆட்டக்கூடாது. உறைஞ்சா விஷம் ரத்தத்துல கலக்கல. உறையலன்னா கலந்திருக்கு."

இருபது நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ட்யூப் சுண்டுவிரல் அளவு. அதில் ஒரு ஸ்பூன் ரத்தம். நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் அதற்கு முன்னால் நின்றோம். மூச்சு விட்டால் ஆடுமோ என்று மூச்சையும் பார்த்துப் பார்த்து விட்டோம். மேலே ஃபேன் சுற்றியது, அதை நிறுத்தச் சொல்லலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அவன் செல்லில் மணியைப் பார்ப்பான், ட்யூபைப் பார்ப்பான், கட்டிலைப் பார்ப்பான். பத்தாவது நிமிஷத்தில் ராஜாமணி வாயைத் துடைத்தாள். புறங்கையில் ரத்தம். ஈறிலிருந்து வருகிறது.

"பல்லக் கடிச்சன், அதான்" என்றாள் எங்களைப் பார்த்து. எங்களுக்கு ஆறுதல் சொல்கிறாள்!

"ஆமாம்மா, அதான்" என்றேன்.

நர்ஸ் வந்து ட்யூபை மெதுவாகச் சாய்த்தார். உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். நிற்கவில்லை. தண்ணீர் மாதிரி ஓடியது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி உடைத்து பாட்டிலில் சேர்த்து ஏற்றினார்கள். அது இறங்க ஆரம்பித்த பிறகு டாக்டரம்மா தொடையிலிருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். ஒரு சுற்று, கொஞ்ச நேரம் நாடி பார்ப்பது, மறுபடி ஒரு சுற்று. கடைசித் துணி வந்தபோது பாதம் பாதமாக இல்லை. துணி வரி வரியாகத் தோலில் பதிந்து, சுண்டுவிரல் கறுத்து, கொப்புளம் கட்டியிருந்தது.

அவரே தீர்த்தகிரியைப் பார்த்துச் சொன்னார். "நம்ம பக்கம் விரியன் கடி அதிகம். அதனாலதான் கட்டாதீங்கன்னு சொல்றோம். அசையாம வெச்சுக் கூட்டிட்டு வந்தா போதும்."

"காரணம் சொல்லியிருந்தா கேட்டிருப்பங்க" என்றான் அவன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லீங்க. எந்த ஊரு பாம்புன்னு நாந்தான் கேட்டிருக்கணும்."

சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி ட்யூப் வைத்தார்கள். மறுபடி இருபது நிமிஷம். அவன் உள்ளே வரவில்லை. வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றான். இந்தத் தடவை சாய்த்தபோது ரத்தம் நின்றது. நான் போய்ச் சொன்னேன். அவன் நம்பவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சாய்த்துக் காட்டச் சொன்னான்.

உயிர் தங்கியது. காலைப் பற்றி மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அந்த மூன்று நாளில் ஊர்ச்சனம் வந்து வந்து பார்த்தது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. தீர்த்தகிரி கட்டுப் போட்ட மாதிரி எவன் போடுவான்? அந்தக் கட்டு இல்லாவிட்டால் அங்கேயே போயிருப்பாள். ராஜாமணியின் தம்பி தமிழ்ச்செல்வன், நல்லம்பள்ளியில் மெக்கானிக், ஒரு படி மேலே போனான். ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் எட்டு எலாஸ்டிக் துணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

"மாமா, வூட்டுக்கு ரெண்டு வெச்சுக்கறன். மிச்சம் ஊருக்குள்ள குடுத்துடறன். எப்படிச் சுத்தறதுன்னு ஒரு தடவ காட்டுங்க, வீடியோ எடுத்து குரூப்புல போட்டுடலாம்."

தீர்த்தகிரி அந்தப் பையைப் பார்த்தான். ட்யூபைப் பார்த்த அதே பார்வை. கறுக்கப்போகிற இன்னும் எட்டு கால் அந்தப் பைக்குள் இருக்கிறது என்று நினைத்திருப்பான். எழுந்து உள்ளே போனான். நானும் பின்னால் போனேன்.

ராஜாமணி விழித்திருந்தாள். அவன் கட்டிலோரம் உட்கார்ந்து சுற்றி வளைக்காமல் சொன்னான். "நான் கட்டுனது தப்பு. உன் வெரல் கறுத்தது நான் கட்டுனதாலயும்தான்."

"தெரியும். ஆட்டு மந்தையில நின்னப்பவே தெரியும். உங்க மூஞ்சிய நான் பாத்தனில்ல?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க என் கால்மேல வெச்சிருந்த கைய எடுத்துருப்பீங்க. கை இருக்கட்டும்னுதான் கேக்கல."

அவன் அழுதான். அவள் விடவில்லை. "அழுவறது அப்புறம். வெளிய தம்பி பையில வெச்சிருக்கானே, அத மொதல்ல வாங்கி வைங்க. ஊருல நீங்களே நின்னு சொல்லுங்க. நான் சொன்னா புருசனக் காட்டிக் குடுத்துட்டாளேன்னு பேசுவாளுங்க."

ஆறாம் நாள் சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஏரிக்கரையில் நூறு நாள் வேலை. பேர் கூப்பிடுகிற நேரத்தில் அவன் போய் நின்றான். நாற்பது ஐம்பது பெண்கள். கடிதம் எழுதியே பழகினவன், கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. நான் கேட்டது அந்த ஊர்ப் பாம்புக்கான பதில், கடித்தது இந்த ஊர்ப் பாம்பு, மார்க்கைப் பார்த்துத் தப்பாக எடுத்துவிட்டேன், விரல் போனது என்னால் என்றான். யாரும் துணி கட்டாதீர்கள் என்றான்.

முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். "ஏண்ணா, நல்ல பாம்பு கடிச்சா கட்டலாமில்ல? அது விரியன் இல்லியே?"

அவன் வாயைத் திறந்தான். நோட்டில் ஏதோ இருக்கும், சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"தெரியல தங்கச்சி. எனக்குத் தெரியல. எது கடிச்சதுன்னு தேடாதீங்க. அசையாம தூக்கிட்டு ஓடுங்க, அவ்ளோதான்."

யாரும் சிரிக்கவில்லை. கரையில் கல்லும் காய்ந்த புல்லும்தான். எல்லோரும் வெறுங்கால். கேள்வி கேட்டவள் மெதுவாக ஒரு காலைத் தூக்கி, நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவளும் பார்த்தாள். பிறகு வரிசை முழுக்கப் பார்த்தது. நானும் பார்த்தேன்.